பிரிந்தவர்களுக்கு ஒரு வகுப்பு

வண்ணாரப்பேட்டை மெட்ரோ நிலையத்தில், கீழே இறங்கும் எஸ்கலேட்டரில் நின்றபோதுதான் அக்கா மகன் அந்தக் கேள்வியைக் கேட்டான். அப்போது அவனுக்கு ஏழு வயது. சனிக்கிழமைதோறும் அவனை அழைத்துப்போய் அவன் அப்பாவிடம் விட்டுவிட்டு, சாயங்காலம் திரும்ப அழைத்து வருவது என் பொறுப்பு. இங்கிருந்து மண்ணடி, அதற்கடுத்தது உயர் நீதிமன்றம். இரண்டே நிறுத்தம்.

"மாமா, அப்பா 'சாப்ட்டியா'ன்னு கேட்டா இன்னா சொல்லட்டும்?"

"சாப்ட்டல்ல? சாப்ட்டேன்னு சொல்லு."

"சாப்ட்டேன்னு சொன்னா அப்பா வாங்கினு வந்த பிரியாணி வேஸ்ட்டா பூடும். அவரு மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடும். சாப்டலன்னு சொன்னா 'உங்கம்மா சோறுகூட போடலியா'ன்னு கேப்பாரு. அப்புறம் நைட்டு அம்மா, 'ஏன்டா அப்டி சொன்ன'ன்னு கேக்கும்."

எனக்குப் பதில் தெரியவில்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டு பிளாட்ஃபாரத்தில் நின்றேன். ரயில் வந்தது, ஏறினோம். 'சாப்ட்டியா' என்பது நம் ஊரில் பாசத்தின் முதல் சொல். அந்த ஒரு சொல்லுக்கு என்ன பதில் சொன்னால் யாருக்கு எவ்வளவு வலிக்கும் என்று ஏழு வயதில் ஒரு பையன் கணக்குப் போட்டுவைத்திருக்கிறான். மாதக்கணக்கில் யோசித்து வைத்திருந்தவன்போல் அவ்வளவு தெளிவாகச் சொன்னான்.

இந்த மாதிரிக் கேள்விகள் பிள்ளையிடம் வந்து சேராமல் பார்த்துக்கொள்வது எப்படி என்று, பிரியப்போகும் அம்மா அப்பாக்களை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கும் வகுப்புகள் உலகத்தில் இருக்கின்றன என்பது எனக்கு மிகவும் பிற்பாடுதான் தெரிந்தது. தெரிந்ததும், அது எங்கே பிறந்தது, ஏன் பிறந்தது, எங்கள் பக்கம் ஏன் இன்னும் வந்து சேரவில்லை என்று தேடத் தொடங்கினேன். சேர்த்து வைப்பதற்கென்று ஏற்பட்ட இடத்தில் அமர்ந்திருந்தவர்கள், இனி இவர்கள் சேரமாட்டார்கள் என்று ஒப்புக்கொண்ட நாளில்தான் அந்த வகுப்பு பிறந்திருக்கிறது.

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 1939இல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி அமைந்த நீதிமன்றத்துக்குக் குழந்தைகளின் சமரச நீதிமன்றம் என்று பெயர். பெயரில்தான் குழந்தைகள். வேலை என்னவோ கணவனையும் மனைவியையும் பேசித் திருப்பி அனுப்புவது. லாஸ் ஏஞ்சலீஸில் அந்த வேலையை வருடக்கணக்கில் செய்தார்கள். கலிஃபோர்னியாவின் சமரச நீதிமன்ற ஆலோசகர்கள் 1963இல் தங்களுக்கென்று ஒரு சங்கமே அமைத்துக்கொண்டார்கள். அந்தக் காலத்தில் மணமுறிவு வேண்டுமென்றால் யாராவது ஒருவர் மேல் குற்றத்தை நிரூபித்தாக வேண்டும். கொடுமை, துரோகம், கைவிட்டுப் போனது என்று ஏதாவது ஒன்று. 1969இல் ஆளுநராக இருந்த ரொனால்ட் ரீகன் கையெழுத்திட்ட சட்டம் 1970 ஜனவரி 1 முதல் அதை மாற்றியது. ஒத்துவரவில்லை என்பதே போதும் என்றானது. மற்ற மாநிலங்களும் பின்தொடர்ந்தன.

அதன் பிறகு சமரச ஆலோசகர்களின் எதிரே வந்து உட்கார்ந்தவர்கள் வேறு மாதிரியானவர்கள். முடிவெடுத்துவிட்டு வந்தவர்கள். அவர்களிடம் 'சேர்ந்து வாழக் கூடாதா?' என்று கேட்பதில் பொருளில்லை. ஆனால் அவர்களோடு பிள்ளைகள் இருந்தார்கள். கேள்வி தானாகவே மாறியது: 'சரி, பிரிகிறீர்கள். பிள்ளைகளை என்ன செய்யப்போகிறீர்கள்?' 1981இலிருந்து கலிஃபோர்னியாவில், குழந்தை யாரிடம் இருப்பது என்ற தகராறோடு வருபவர்கள் நீதிபதி முன் போவதற்கு முன்னால் சமரசப் பேச்சுக்கு உட்கார்ந்தே ஆக வேண்டும் என்று விதி வந்தது.

இதே காலத்தில் ஜூடித் வாலர்ஸ்டைன், ஜோன் கெல்லி என்ற இரண்டு பெண்கள் இன்னொரு வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள். 1971இல் தொடங்கி, சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே உள்ள மெரின் கவுன்ட்டியில், பிரிந்துகொண்டிருந்த 60 குடும்பங்களின் 131 பிள்ளைகளிடம் பேசினார்கள். பிள்ளைகளிடமே பேசினார்கள் என்பதுதான் இதில் முக்கியம். ஆண்டுகள் கழித்து மறுபடியும் போய்ப் பார்த்தார்கள். 1980இல் அது புத்தகமாக வந்தது. அதில் ஒரு தகவலைப் படித்துவிட்டு நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். மிகச் சின்னக் குழந்தைகளில் பெரும்பாலானவர்களிடம், வீட்டில் என்ன நடக்கிறது என்று யாரும் விளக்கிச் சொல்லியிருக்கவில்லை. ஒருநாள் காலையில் எழுந்து பார்த்தால் அப்பா இல்லை. நம் வீடுகளில் 'அப்பா ஊருக்குப் போயிருக்காரு' என்போம். ஊரிலிருந்து திரும்பி வராத அப்பாவுக்காகப் பிள்ளை எத்தனை நாள் வாசலைப் பார்க்கும் என்று நாம் நினைத்துப்பார்ப்பதில்லை. அக்கா வீட்டிலும் இதைத்தான் சொன்னோம். சொன்னவர்களில் நானும் ஒருவன்.

எழுபதுகளின் பிற்பகுதியில் கான்சாஸ் மாநிலத்தின் ஜான்சன் கவுன்ட்டியில், நீதிமன்றத்தோடு சேர்ந்து ஒரு வகுப்பு தொடங்கியது. பிரியும் பெற்றோரின் பொதுப் பொறுப்புகள் என்று பொருள்படும் அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'கிராஸ்ப்' என்று அழைத்தார்கள். விருப்பமுள்ளவர்கள் வரலாம் என்றுதான் முதலில் இருந்தது. வந்தவர்கள் யார் என்று கேட்டால், பெரும்பாலும் வராவிட்டாலும் பிள்ளையை நன்றாகப் பார்த்துக்கொள்ளக்கூடியவர்கள். வகுப்பு எவர்களுக்குத் தேவையோ அவர்கள் வராத கதை எல்லா ஊரிலும் ஒன்றுதான். எண்பதுகளில் கான்சாஸிலேயே அதைக் கட்டாயமாக்கத் தொடங்கினார்கள். 1988இல் அட்லான்டாவில் ஒரு குடும்ப நலத் தொண்டு நிறுவனம் நான்கு மணி நேர வகுப்பு ஒன்றை வடிவமைத்தது. அது அடுத்தடுத்த மாநிலங்களுக்குப் பரவியது. 1994இல் யூட்டா, மாநிலம் முழுமைக்கும் இதை விதியாக்கியது. 1994இல் நாடு முழுவதும் கணக்கெடுத்தபோது 541 கவுன்ட்டிகளில் இத்தகைய வகுப்பு இருந்தது. நான்கே வருடத்தில் அது 1,516 ஆனது. எவ்வளவு பேர் இதற்காகக் காத்திருந்தார்கள் என்று அந்த எண்ணிக்கையைப் பார்த்தால் புரியும்.

வகுப்பில் பெரிய வேதாந்தம் ஒன்றும் இல்லை. பெரும்பாலான ஊர்களில் கணவனும் மனைவியும் வெவ்வேறு நாளில் வருவார்கள். ஒரே அறையில் முன்பின் அறியாத இருபது முப்பது பேர். ஒரு சின்னப் படம் போடுவார்கள். அதில் ஒரு அம்மா மகளிடம், 'உங்கப்பாகிட்ட இந்த மாசப் பணம் எங்கேன்னு கேளு' என்பாள். அந்தப் பிள்ளையின் முகத்தில் படத்தை நிறுத்துவார்கள். அவ்வளவுதான். உட்கார்ந்திருப்பவர்களில் எத்தனையோ பேர் அதே சொல்லை அதே வாரத்தில் சொல்லியிருப்பார்கள். தன் பிள்ளையின் முகத்தை அப்போது பார்த்திருக்கமாட்டார்கள், கோபம் கண்ணை மறைத்திருக்கும். வேறு யாருடைய பிள்ளையின் முகத்திலோ அதைப் பார்க்கும்போது கோபம் குறுக்கே நிற்பதில்லை. பிறகு அதே விஷயத்தைப் பிள்ளையை நடுவில் விடாமல் எப்படிச் சொல்வது என்று இருவரை எழுப்பி நடிக்கவைத்துப் பார்ப்பார்கள். தகவலைப் பிள்ளை வழியாக அனுப்பாதே. அந்த வீட்டில் யார் வந்தார்கள், என்ன வாங்கினார்கள் என்று துருவாதே. பிள்ளையை ஒப்படைக்கும் இடத்தில் பழைய கணக்கைப் பேசாதே. உங்கள் இருவருக்கும் இடையில் இனி இருப்பது ஒரு கடையைச் சேர்ந்து நடத்தும் கூட்டாளிகளின் உறவு; பிடிக்கிறதோ இல்லையோ, சொன்ன நேரத்துக்கு வந்து, சொன்ன சொல்லைக் காப்பாற்று. சொல்லித் தருவது இவ்வளவுதான்.

நான்கு மணி நேரம் ஒரு மனிதரை மாற்றிவிடுமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. வகுப்பை ஆராய்ந்தவர்களே இதை மாத்திரை என்று சொல்வதில்லை. சண்டை கொஞ்சம் குறைகிறது, பிள்ளையை நடுவில் இழுப்பது கொஞ்சம் குறைகிறது என்ற அளவில்தான் பேசுகிறார்கள். அந்தக் 'கொஞ்சம்' ஒரு பிள்ளைக்கு ஒரு சனிக்கிழமை மத்தியானம் நிம்மதியாகச் சாப்பிடக் கிடைத்த நேரம் என்றால், எனக்கு அது போதும்.

ஆசியாவில் இதை இன்னும் கூர்மையாகச் செய்திருக்கிறார்கள். தென் கொரியாவில் 2008 முதல், பரஸ்பரச் சம்மதத்தோடு பிரியும் தம்பதிக்குக் குழந்தை இருந்தால் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும், பெற்றோருக்கான வழிகாட்டலையும் கேட்க வேண்டும். அந்தக் காத்திருப்பு வெறும் நாள் கடத்துவதாக இல்லை. நம் தமிழ்க் குடும்பங்கள் கணிசமாக வாழும் சிங்கப்பூரில் 2016 டிசம்பர் 1இலிருந்து கட்டாய வகுப்பு வந்தது. முதலில் 14 வயதுக்குக் கீழே பிள்ளை உள்ள, ஒத்துப்போக முடியாத பெற்றோருக்கு மட்டும். பிறகு வயது வரம்பு 21 ஆக உயர்ந்தது. 2024 ஜூலை முதல், அந்த வயதுக்கு உட்பட்ட பிள்ளை இருந்தால், மணமுறிவு மனு போடுவதற்கு முன்பே வகுப்பை முடித்திருக்க வேண்டும்.

நம் நாட்டுக் கதையைத் தேடினால் அது சென்னைக்கே வந்து நிற்கிறது. குடும்ப வழக்குகளுக்குத் தனி நீதிமன்றம் வேண்டும் என்று இங்கே பேசிய துர்காபாய் தேஷ்முக் ராஜமுந்திரியில் பிறந்தவர். எட்டு வயதில் கல்யாணம் செய்துவைத்துவிட்டார்கள். விவரம் தெரிந்த வயதில் அந்த மணவாழ்க்கைக்குப் போக மறுத்தார். அப்பாவும் சகோதரரும் பக்கத்தில் நின்றார்கள். பிறகு சென்னையில் ஆந்திர மகிள சபாவை 1937இல் தொடங்கி, சட்டம் படித்து, 1942இல் இங்கேயே வழக்கறிஞரானார். மணமுறிவு என்ற சொல்லையே வீட்டுக்குள் பேசாத காலம் அது. இந்து மணமுறிவுக்கு நாடு தழுவிய சட்டம் 1955இல்தான் வந்தது. அதற்கு ஆறு வருடம் முன்பே, 1949இல், சென்னை மாகாணம் இருதார மணத்தைத் தடுத்து மணமுறிவை அனுமதிக்கும் தனிச் சட்டம் போட்டிருந்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

1953இல் துர்காபாய் சீனாவுக்குப் போனார். அங்கே குடும்ப வழக்குகளுக்கென்று தனி நீதிமன்றம் இருப்பதைப் பார்த்தார். திரும்பி வந்து, பம்பாய் உயர் நீதிமன்றத்தின் சாக்ளா, கஜேந்திரகட்கர் ஆகியோரிடமும் நேருவிடமும் இதைப் பேசினார். விதை அங்கே விழுந்தது. முளைக்க முப்பது வருடம் ஆயிற்று. 1974இல் சட்ட ஆணையத்தின் 59ஆவது அறிக்கை, அதையொட்டிப் பெண்களின் நிலை பற்றிய குழுவின் அறிக்கை, கடைசியில் 1984இல் குடும்ப நீதிமன்றச் சட்டம். சென்னைக் குடும்ப நீதிமன்றம் 1988இல் வந்தது. துர்காபாய் 1981இலேயே காலமாகிவிட்டார்.

அந்தச் சட்டம் நல்ல சட்டம். நீதிமன்றத்துக்கு ஆலோசகர்கள் வேண்டும் என்றது. வழக்கறிஞர் வைத்து வாதாடுவதை உரிமையாகக் கேட்க முடியாது என்றது. சமூக நல அமைப்புகளின் துணையைப் பெறலாம் என்றது. ஆனால் சட்டத்தின் முதல் வரியிலேயே இருக்கும் சொல் சமரசம். ஆலோசகர் அறைக்குள் நுழையும் எவருக்கும் அது தெரியும். 'கவுன்சிலிங் போட்டிருக்காங்க' என்று சொன்னாலே, எங்கள் தெருவில் அதற்குச் 'சேத்து வெக்கப் பாக்குறாங்க' என்று அர்த்தம். சேரவே மாட்டோம் என்று முடிவு செய்தவர்கள் அந்த அறையில் மணிக்கணக்கில் விறைத்துப்போய் உட்கார்ந்திருப்பார்கள். பிள்ளையைப் பற்றிய பேச்சை எடுத்தால்கூட, 'பிள்ளைக்காகவாவது சேர்ந்து வாழக் கூடாதா' என்ற இடத்துக்குத்தான் அது போகும் என்று பயந்து வாயைத் திறக்கமாட்டார்கள். லாஸ் ஏஞ்சலீஸ் 1970இல் கடந்த வாசலை நாம் இன்னும் முழுதாகக் கடக்கவில்லை.

வடசென்னையில் நீதிமன்றத்துக்கு முன்னாலேயே இரண்டு மூன்று வாசல்கள் உண்டு. காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கத்து மீனவக் குப்பங்களில் ஊர்ப் பஞ்சாயத்து. மற்ற இடங்களில் இரண்டு பக்கத்துப் பெரியவர்கள், ஒரு வட்டச் செயலாளர், முத்திரைத்தாளில் ஒரு தீர்வு. 1992இல் ஆயிரம் விளக்கில் தொடங்கிய அனைத்து மகளிர் காவல் நிலையம் வண்ணாரப்பேட்டைக்கும் வந்த பிறகு, அந்த நிலையத்துத் திண்ணை. எங்கள் குடும்பம் இதில் இரண்டைப் பார்த்தது. பெரியவர்கள் உட்கார்ந்து பேசிய அன்று, மாமா ஒருவர் சீர்வரிசைப் பட்டியலை வாசித்தார். பீரோ, கட்டில், கிரைண்டர், பித்தளை அண்டா இரண்டு, வெள்ளி விளக்கு, ஆறு சவரனில் ஒரு செயின். ஒவ்வொன்றுக்கும் பேச்சு நடந்தது. அண்டாவின் எடைக்குக்கூட நடந்தது. பட்டியல் முடிந்து எல்லோரும் எழுந்திருக்கும்போது யாரோ, 'பையன் அம்மாகிட்ட இருக்கட்டும், அப்பன் வந்து பாத்துக்கட்டும்' என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். என்றைக்கு வந்து பார்ப்பது, எங்கே வைத்து, யார் அழைத்துப்போவது, காய்ச்சல் வந்தால் யாரிடம் சொல்வது? ஒருவரும் கேட்கவில்லை. பையன் அடுத்த அறையில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தான். டிவி சத்தத்தை அவன் நடுவில் குறைத்து வைத்திருந்ததை நான் பார்த்தேன்.

நம்முடைய சொற்களும் பிள்ளைக்குச் சாதகமாக இல்லை. குழந்தை யாரிடம் வளர்வது என்பதைச் சட்டத் தமிழில் 'காவல்' என்கிறோம். கைதானவரை வைப்பதற்கும் அதே சொல்தான். அம்மா அப்பாவில் மற்றவர் வந்து பார்ப்பதைப் 'பார்வையிடும் உரிமை' என்கிறோம். வெள்ளச் சேதத்தை அமைச்சர் பார்வையிடுவார், கட்டடத்தைப் பொறியாளர் பார்வையிடுவார். தெருவில் இன்னும் நேரடியாக, 'கொயந்தைய காட்டமாட்டேன்றா' என்பார்கள். காட்டுவதற்கும் மறைப்பதற்கும் அது ஒரு பொருள் என்பதுபோல. அமெரிக்காவிலும் பல மாநிலங்கள் 'பார்வையிடல்' என்ற சொல்லைக் கைவிட்டு, 'பெற்றோராக இருக்கும் நேரம்' என்று பொருள்படும் சொல்லுக்கு மாறின. சொல் மாறினால் எல்லாம் மாறிவிடாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஒரு மனிதன் தன் மகனைப் 'பார்வையிட' வருவதற்கும், மகனோடு இரண்டு மணி நேரம் அப்பாவாக இருக்க வருவதற்கும் நிச்சயம் வித்தியாசம் இருக்கிறது.

நம் பக்கம் நல்ல முயற்சிகள் நடக்காமல் இல்லை. 2005 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்திலேயே, மூத்த வழக்கறிஞர் ஸ்ரீராம் பஞ்சுவின் முயற்சியோடு, சமரச மையம் தொடங்கியது. நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையம் என்று இந்தியாவில் வந்த முதலாவது அதுதான். குடும்ப நீதிமன்றத்தில் குழந்தையும் பெற்றோரும் சந்திக்க ஒரு குழந்தைகள் மையமும் இருக்கிறது. மும்பையில் சைல்ட் ரைட்ஸ் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு, பிரிந்த பெற்றோர் பிள்ளையின் பள்ளி, விடுமுறை, மருத்துவம் முதலியவற்றை முன்கூட்டியே எழுதிவைக்கும் திட்டத்தையும் வழிகாட்டு நெறிகளையும் தயாரித்தது. பம்பாய் உயர் நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்த ஏ.பி. ஷா பின்னாளில் சட்ட ஆணையத்தின் தலைவரானார். 2015 மே மாதம் அந்த ஆணையம் கொடுத்த 257ஆவது அறிக்கை, கூட்டுக் காவலைச் சட்டத்தில் சேர்க்கச் சொன்னது. சமரசப் பேச்சு, பெற்றோர் எழுதும் திட்டம், தாத்தா பாட்டியோடு பிள்ளை கழிக்கும் நேரம் ஆகிய எல்லாவற்றைப் பற்றியும் அது பேசுகிறது.

2022இல் நடந்த ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். ஜூலை மாதம் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர், மகளைப் பார்க்க வரும் கணவரை விருந்தாளியாக நடத்த வேண்டும், சிற்றுண்டியும் இரவு உணவும் கொடுத்துப் பிள்ளையோடு சேர்ந்து சாப்பிட வேண்டும் என்று மனைவிக்கு உத்தரவிட்டார். பிள்ளையின் முன்னால் இருவரும் மரியாதையாக நடந்துகொள்ள வேண்டும் என்பது அவர் எண்ணம். மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அமர்வு அந்தக் கட்டளையை நீக்கிவிட்டது. நீக்கியது சரி என்றுதான் நான் நினைக்கிறேன். முந்தாநாள்வரை வழக்காடிய மனிதருக்குத் தட்டு வைத்துப் பரிமாறு என்று ஒரு பெண்ணுக்கு உத்தரவு போட முடியாது. ஆனால் அந்த உத்தரவுக்குப் பின்னால் இருந்த தவிப்பு எனக்குப் புரிகிறது. பிள்ளையின் முன்னால் எப்படி நடந்துகொள்வது என்று இவர்களுக்கு யாராவது சொல்லித்தர வேண்டுமே என்ற தவிப்பு. கான்சாஸ் நீதிமன்றத்துக்கு எழுபதுகளில் வந்தது அதே தவிப்புத்தான். அவர்கள் அதை உத்தரவில் எழுதாமல் ஓர் அறையைத் திறந்து நாற்காலி போட்டார்கள்.

நமக்கு அதற்கான நேரமும் சட்டத்திலேயே இருக்கிறது. இந்து திருமணச் சட்டத்தில் 1976இல் சேர்க்கப்பட்ட 13பி பிரிவின்படி, பரஸ்பரச் சம்மதத்தோடு மனு போட்டவர்கள் ஆறு மாதம் கழித்துத்தான் மறுபடி வந்து சம்மதத்தை உறுதி செய்ய வேண்டும். தேவையென்றால் அந்தக் காலத்தைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மனம் மாறுவார்களா என்று பார்ப்பதற்காக வைத்த ஆறு மாதம் அது. அந்த ஆறு மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை, இரண்டிரண்டு மணி நேரம் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? கொரியா தன் மூன்று மாதத்தை அப்படித்தான் பயன்படுத்துகிறது. நம் சட்டத்தில் இப்படி ஒரு வகுப்பைக் கட்டாயமாக்கும் வரி எதுவும் இல்லை.

அட்லான்டா வகுப்பை அப்படியே பெயர்த்து வண்ணாரப்பேட்டையில் நட்டால் அது பிழைக்காது. இங்கே ஒரு பிள்ளையை ஒப்படைப்பது இரண்டு பேர் சம்பந்தப்பட்ட காரியம் இல்லை. ஆயா சோறு ஊட்டி அனுப்பும், மாமன் கூட்டிப்போவான், அந்தப் பக்கம் அத்தை வந்து வாங்கிக்கொள்வாள். பிள்ளையின் காதில் விழக்கூடாததைச் சொல்பவர்கள் பெரும்பாலும் அம்மா அப்பா அல்ல, இந்த நடுவில் நிற்கும் நாங்கள்தான். 'உங்கப்பன் இருக்கானே' என்று ஆயா தொடங்கும்போது அந்த வாயை யார் மூடுவது? ஆகவே வகுப்புக்கு ஆயாவும் மாமனும் வர வேண்டும். துறைமுகத்திலும் மணலியிலும் எண்ணூரிலும் ஷிஃப்ட் பார்ப்பவருக்குச் சனிக்கிழமை பத்து மணி என்பது தூங்கும் நேரம். எம்.சி. ரோட்டு ஜவுளிக்கடையில் நிற்கும் பெண்ணுக்கு அது வியாபாரம் சூடுபிடிக்கும் நேரம். நாளையும் நேரத்தையும் அவர்களைக் கேட்டு வைக்க வேண்டும். இங்கே பேசும் தமிழில் நடத்த வேண்டும். கணவன் கை நீட்டிய வீடு என்றால் இருவரையும் ஒரே நாளில், ஒரே கட்டடத்துக்குள் வரச் சொல்லவே கூடாது. 2005ஆம் வருடத்துக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் 21ஆவது பிரிவு, தீங்கு வரும் என்று தோன்றினால் பிள்ளையைச் சந்திப்பதையே மறுக்க மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் தருகிறது. அந்தப் பிரிவை முதல் நாளிலேயே வகுப்பில் உரக்கப் படித்துக்காட்ட வேண்டும். பொறுத்துப்போ என்று சொல்லும் இன்னோர் அறையாக இது ஆகிவிடக் கூடாது.

அக்காவுக்கு வகுப்பு எதுவும் கிடைக்கவில்லை. கிடைத்தது ஒரு வாக்கியம். வாய்தாவுக்குப் போன ஒருநாள், ஆலோசகராக இருந்த ஓர் அம்மா கோப்பை மூடிவைத்துவிட்டு அவளிடம் சொன்னாராம்: "சாப்பாட்டு விஷயத்த நீங்க ரெண்டு பேரும் பேசிக்கங்கம்மா. பையன் வாயால வர வேணாம்." அக்கா வீட்டுக்கு வந்து அதைப் பற்றிப் பேசவில்லை. இரண்டு வாரம் போனது.

மூன்றாவது சனிக்கிழமை நாங்கள் செருப்புப் போட்டுக்கொண்டிருந்தபோது சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "டேய், அவருக்கு ஒரு மெசேஜ் போட்டுட்டேன். காலையில நாலு இட்லி சாப்ட்டான், மத்தியானம் நீங்க பாத்துக்கங்கன்னு. சரின்னு போட்டிருக்காரு." அவ்வளவு சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். ஒன்றரை வருடத்தில் அவர்கள் இருவருக்கும் இடையே வக்கீல் இல்லாமல் போன முதல் சொல் அதுதான்.

அன்றைக்கு எஸ்கலேட்டரில் அக்கா மகன் எதுவும் கேட்கவில்லை. கைப்பிடி ரப்பரின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, படியும் கைப்பிடியும் ஒரே வேகத்தில் போகின்றனவா என்று பார்த்துக்கொண்டே இறங்கினான். கீழே போய்ச் சேர்ந்ததும், "மாமா, கைப்பிடி கொஞ்சம் முன்னாடி போவுது" என்றான்.